துண்டுக்குள் முடிந்த பேரம்

தம்பி தனபாலின் தலையில் அந்தப் பட்டையைக் கட்டியதும் வீரமலைக்கு முதலில் தோன்றியது, கழுத்தில் இரண்டு சலங்கையும் மாட்டிவிட்டால் ஆளை நேராகச் சந்தைக்கே ஓட்டிப் போய்விடலாம் என்பதுதான். மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லியும்விட்டான். தனபால் சிரித்தான். டாக்டர் ஜெசிந்தா சிரிக்கவில்லை. திருச்சிக்காரரான அவருக்கு மணப்பாறை மாட்டைப் பற்றியும் தெரியாது, வீரமலையின் நாக்கைப் பற்றியும் அப்போது தெரியாது.

"என்ன நடக்கப் போகுதுன்னு ரெண்டு பேருக்கும் சொல்லிடறேன்" என்றார். "மூளையில பேச்சைக் கேக்கறதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. வெளிய யாராச்சும் பேசினா அது முழிச்சுக்கும். தனபாலுக்கு யாரும் பேசாமலே முழிச்சுக்குது. எவ்வளவு முழிச்சிருக்குன்னு இந்தத் திரையில தெரியும்."

திரையில் ஒரு கம்பம் நின்றது. உச்சியில் சிவப்பு, அடியில் பச்சை. அதன் மட்டம் சிவப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இவர் அதைக் கீழ இறக்கணும். எப்படின்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் தெரியாது. ஒருத்தர் மனசுக்குள்ள பாட்டு பாடுவார், ஒருத்தர் ஆத்துல குளிக்கற மாதிரி நெனச்சுக்குவார். அவரவர் வழியை அவரவர்தான் கண்டுபிடிக்கணும். இறங்கற அந்த நொடியில பட்டை லேசா ஒரு மின்சாரம் குடுக்கும். இறக்கின வழி அப்படியே பதிஞ்சுடும். அப்புறம் பட்டை இல்லாமலே நடக்கும்."

"என்ன வழின்னு மிசினுக்குத் தெரியுமா?" என்று வீரமலை கேட்டான்.

"தெரியாது. இறங்குச்சா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்."

கண்ணை மூடிக்கொண்டு சரக்கு வாங்குகிற மிசின் என்று வீரமலை நினைத்துக்கொண்டான். அவன் சந்தைத் தரகன். அவனுக்கு எதையும் அப்படித்தான் நினைக்க வரும்.

இப்போதெல்லாம் மாட்டின் காதில் சில்லு இருக்கிறது. போனைக் காட்டினால் போதும். வயசு, பல், போட்ட ஊசி, தாய்ப்பசு கறந்த பால் என்று ஜாதகமே வந்து விழும். வராதது விலை ஒன்றுதான். அதற்கு இன்றைக்கும் துண்டுதான். வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் ஒரு துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்து, மடக்கி, விட்டு, மறுபடி பிடித்துப் பேசுவார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசும், கை விலையைப் பேசும். கடைசியில் உள்ளங்கையோடு உள்ளங்கை இறுகினால் பேரம் முடிந்தது. கைக்குள் முடிந்ததை வாயால் மாற்றக் கூடாது. என்ன விலைக்கு முடிந்தது என்று மூன்றாவது ஆள் கேட்கவும் கூடாது. கேட்டால் அவன் மனுசனே இல்லை.

வீரமலையின் கை துண்டுக்குள் போனால் எதிராளிக்கு வியர்க்கும். தனபால் கை போனால் தனபாலுக்கு வியர்க்கும். விரல் நடுங்கும், எதிராளி முதல் விலை சொன்னதுமே பாவம் என்று கையை இறுக்கிவிடுவான். இரண்டு சந்தை அனுப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் வீரமலை. மாடுகளுக்கு அவனைப் பிடிக்கும். பேரம் பேசாதவனை மாட்டுக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்.

தனக்குக் கேட்கும் குரலுக்குத் தனபால் வைத்த பெயர் மாடிவீட்டுக்காரர். தனபால் குடும்பம் இருப்பது ஓட்டு வீடு, மாடியே கிடையாது. ஆனால் குரல் மேலிருந்து வருகிறதே, வேறு என்ன பெயர் வைப்பது. ஆள் ரொம்ப மரியாதைக்காரர். திட்ட மாட்டார், கத்த மாட்டார். "தனபாலு, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார். இப்படி ஆரம்பிக்கிறவன் எவனாயிருந்தாலும் அவனிடம் மாடு வாங்கக் கூடாது என்பது சந்தையில் எல்லாருக்கும் தெரியும். தனபாலுக்குத்தான் தெரியாது.

போன கோடையில் ஒரு பகல், வீட்டுத் தொட்டித் தண்ணீரில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று மாடிவீட்டுக்காரர் சொன்னார். தெருக்குழாயிலும்தான் என்றார். வழியில் எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம் என்றார். தனபால் மகளை வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, நல்ல தண்ணீர் தேடிப் போனான். பொழுது சாய விராலிமலை அடிவாரத்தில் இருவரையும் கண்டுபிடித்தபோது, மகிழினிக்கு உதடு வெடித்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. தனபால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி கோமதி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் வீரமலை சமாளித்திருப்பான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துவரங்குறிச்சிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாத்திரையில் குரல் பாதி அடங்கியது, மீதி அடங்கவில்லை. திருச்சியில் புதிதாகப் பட்டை வைத்தியம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வீரமலை போனில் சொன்னபோது கோமதி சொன்னது இவ்வளவுதான்: "டாக்டரம்மா சரின்னு சொல்லட்டும் மாமா, அடுத்த பஸ்ல வர்றேன். அவரை வேணாம்னு நான் சொல்லலை. பிள்ளையை வச்சு என்னால பரீட்சை பாக்க முடியாது."

ஆகவே கம்பம் பச்சைக்கு வர வேண்டும். தனபாலுக்கு மகள் வேண்டும். விசயம் அவ்வளவுதான்.

கம்பம் வரவில்லை. தனபால் சாமி கும்பிட்டுப் பார்த்தான், மனதுக்குள் பாட்டுப் பாடினான், மாடிவீட்டுக்காரரைத் திட்டிப் பார்த்தான். திட்டியபோது கம்பம் இன்னும் மேலே போனது. வாராவாரம் திருச்சிக்குப் போவதும் முகம் தொங்கத் திரும்புவதுமாக இருந்தது. ஒருநாள் மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் நின்றபோது, வீரமலைக்குப் பொறுமை போய்விட்டது. பொறுமை போனால் அவனுக்கு யோசனை வரும்.

"ஏன்டா, சந்தையில சண்டை போட்டு எவனாச்சும் மாடு வாங்கியிருக்கானா? அந்தாளுக்கு ஏதோ வேணும், அதான் விடாம பேசறாரு. என்ன வேணும்னு கேளு. கேட்டதைக் குறை. நடுவுல வந்து முடிச்சுட்டு எந்திரிச்சு வா."

தனபால் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவர்கிட்ட பேரம் பேசலாமாண்ணே?"

"யார்கிட்ட வேணாலும் பேசலாம்."

சொன்ன யோசனை அவ்வளவு அழகாக இருந்ததில், யாரிடம் சொல்கிறோம் என்பதை வீரமலை அந்த நேரத்துக்கு மறந்துபோனான்.

அடுத்த முறை தனபால் தோளில் ஒரு துண்டோடு வந்தான். பட்டையைக் கட்டியதும் துண்டை மடியில் விரித்து, வலது கையை அதற்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடினான். வீரமலை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். துண்டு ஒரே ஒரு தரம் அசைந்தது. பிறகு மொத்தமாக இறுகியது. கம்பம் சிவப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கிப் பச்சையில் நின்றது. டாக்டர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். இப்படி ஒரே இறக்கமாக இறங்கி அவர் பார்த்ததே இல்லையாம்.

ஒரே அசைவில் முடிகிற பேரம் எப்படிப்பட்ட பேரம் என்று நடுராத்திரியில் வீரமலையை எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அன்றைக்கு அவன் கம்பத்தைத்தான் பார்த்தான். பிறகும் கேட்கவில்லை. துண்டுக்குள் முடிந்ததை யார் கேட்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் தம்பிக்குச் சன்னலோரம் விட்டுக்கொடுத்தான். பிறகு சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் என் தம்பி கடைசியில் தொழில் கற்றுக்கொண்டான் என்று பெருமை பேசினான்.

அதன் பிறகு வந்த முறையெல்லாம் பச்சைதான். டாக்டர் சரி என்று சொல்ல, கோமதி வந்தாள்.

மினி பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே மகிழினி "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினாள். தனபால் முதுகைக் காட்டிக்கொண்டு கன்றுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான், திரும்பவில்லை. அவள் போய்க் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் துள்ளித் திரும்பி, வாரி எடுத்து, முகமெல்லாம் முத்தம் கொடுத்தான். அழுதான். கோமதியும் அழுதாள். வீரமலைக்கும் கண்ணில் தூசி விழுந்தது.

தூசி போன பிறகுதான் பார்த்தான். பிள்ளை பேசிக்கொண்டே இருக்கிறாள், தனபால் அவள் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஐஸ் வாங்கித் தருவியா என்று கேட்டாள். தலையாட்டினான். பாட்டி வீட்டு ஆடு குட்டி போட்டது என்றாள். தலையாட்டினான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பா, மறுபடியும் என்னைத் தண்ணி குடுக்காம கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டாள்.

தனபால் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

பிள்ளை மெதுவாக அவன் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். கோமதி கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

வீரமலை தம்பியைத் தொழுவத்துக்குள் தள்ளிக்கொண்டு போனான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கக் கூடாததைக் கேட்டான். "என்னடா குடுத்தே?"

தனபால் மாட்டுக் கழுத்தைத் தடவினான். "பாப்பா குரலைக் கேட்டாருண்ணே. அதைக் குடுத்துட்டா வாயைத் தொறக்க மாட்டேன்னாரு. நான் சரின்னுட்டேன். அவ பேசறது தெரியுது, சத்தம் மட்டும் வரலை."

"கேட்டதும் அப்படியே குடுத்துட்டியா? ஒரு பேச்சுக்காவது குறைக்கலையா?"

"அப்ப பாப்பா இங்க இல்லையேண்ணே. இல்லாத ஒண்ணைத்தானே கேக்கறாரு, குடுத்தா அவளே வந்துடுவாளேன்னு பாத்தேன்."

கணக்கு அப்படி ஒன்றும் தப்பில்லை என்பதுதான் கொடுமை.

காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். ஜெசிந்தா டாக்டர் முழுக் கதையையும் கேட்டார். மூளை நிசமான ஒரு குரலையும் இல்லாத ஒரு குரலையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது, அந்த முடிச்சை இறுக்கியது தன்னுடைய பட்டைதான் என்று அவரே சொன்னார். வந்தவர்களிலேயே நன்றாகத் தேறியவர் என்று தனபாலைத்தான் வெளியூரில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தாராம். அதையும் அவரே சொன்னார். வீரமலைக்கு அந்த அம்மா மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. நட்டமான பேரத்தை ஒத்துக்கொள்கிறவர்களை அவன் அதிகம் பார்த்ததில்லை.

"பதிஞ்சதை அழிக்கலாம்" என்றார். "அழிச்சா ரெண்டும் சேர்ந்துதான் அழியும். அந்தக் குரல் முன்னைவிட வேகமா வரலாம்."

"வந்தா கோமதி போயிடும்" என்றான் தனபால். "அழிக்க வேணாம்."

"பாப்பா குரல்?" என்று டாக்டர் கேட்டார்.

தனபால் அண்ணனைப் பார்த்தான்.

வீரமலை தோளிலிருந்து துண்டை எடுத்தான். "முடிஞ்ச பேரத்தை வாயால மாத்த முடியாது டாக்டரம்மா. ஆனா சரக்கை மாத்தலாம். வாங்கினவன் சம்மதிச்சா ஒரு மாட்டுக்குப் பதிலா இன்னொரு மாட்டை ஓட்டிவிடலாம், சந்தையில உண்டு. நான் கூட உக்காரணும். விடுவீங்களா?"

டாக்டர் தனபாலைத்தான் கேட்டார். உங்களுக்குச் சம்மதமா, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார். தனபால் தலையாட்டினான். அவன் போன வழி இதுதான் என்றால் திரும்பியும் இதே வழியில்தான் வர வேண்டியிருக்கும் என்று டாக்டர் யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு பட்டையை எடுத்தார்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்த அறையில் பளிச்சென்ற விளக்கும் பட்டையின் ஒட்டுக் கம்பிகளும் நடுவில் ஒரு அழுக்குத் துண்டும். வீரமலை கையை உள்ளே விட்டான். தம்பியின் கை வழக்கம்போல ஈரமாக, குருவிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு நடுக்கம் நின்றது. ஈரம்கூடக் காய்ந்த மாதிரி இருந்தது. விரல்கள் அவசரமில்லாமல் அவன் விரல்களின் மேல் வந்து உட்கார்ந்தன. நாற்பது ஊர்க் கையைப் பிடித்தவனுக்கு அது எந்தக் கை என்று சொல்லத் தெரியவில்லை. பேரத்தில் பழகின கை என்று மட்டும் தெரிந்தது.

"வணக்கம் சொல்றாருண்ணே" என்றான் தனபால், கண்ணைத் திறக்காமல்.

"வணக்கம் இருக்கட்டும். பிள்ளை குரலைத் திருப்பிக் கேளு. பதிலுக்கு என்ன வேணுமாம்?"

அவன் தன் வித்தையையெல்லாம் இறக்கினான். சந்தை இரைச்சலைத் தருகிறேன் என்றான். திருவிழா மைக்செட்டைத் தருகிறேன், எலக்சன் வண்டிகளை மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள், சலித்துப்போகாது என்றான். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு விரல் மரியாதையாக மடங்கியது. வேண்டாம்.

"அவருக்குச் சத்தம் வேணாமாம். எனக்கு வேணுங்கற ஒரு ஆளோட குரல் வேணுமாம்." என்றான் தனபால். "கோமதிது குடுத்துடட்டுமாண்ணே?"

"வாயை மூடு. அந்தப் பொண்ணு உன்கிட்ட இன்னும் திட்டவே ஆரம்பிக்கலை. கேக்க வேண்டியது நெறைய இருக்கு."

துண்டுக்குள் அந்தக் கை காத்திருந்தது. அதற்கு அவசரமே இல்லை. எதிராளிக்கு அவசரமில்லை என்றால் எழுந்து போய்விட வேண்டும். வீரமலை புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோமதியின் மடியில் மகிழினி உட்கார்ந்து, தன் வெடிப்பு ஆறிய உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னுதை எடுத்துக்கச் சொல்லு" என்றான்.

தனபால் கண்ணைத் திறந்துவிட்டான். "அண்ணே, கொஞ்சம் பேசிப் பாரேன். குறைப்பாரு."

"உனக்கு இப்பத்தான் பேரம் பேசத் தோணுதா?"

உள்ளங்கை இறுகியது. வலிக்கிற அளவுக்கு இறுகி, விட்டது.

"என்னடா, முடிஞ்சுதா?" என்று வீரமலை கேட்டான். தனபால் அவன் வாயைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கதவு திறந்தது. "அப்பா" என்று பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. அவன் சுழன்று திரும்பிய வேகத்தில் ஒட்டுக் கம்பி இரண்டு பிய்ந்துபோயின.

சில வாரம் கழித்து டாக்டர் வீரமலையை மட்டும் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்குப் பதிவானதைத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். மறைக்க மனசு வரவில்லையாம்.

"அன்னைக்குப் பட்டை கட்டினதும் பயத்துல கம்பம் மறுபடி ஏறியிருந்துச்சு. அது இறங்கினது நீங்க குரலைக் குடுத்தப்போ இல்லைங்க. அதுக்கு ரொம்ப முன்னாடி. நீங்க அவர் கையைச் சும்மா பிடிச்சிருந்தீங்களே, அப்பவே பச்சைக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் பேசினதெல்லாம் கூடச் சேர்ந்து பதிஞ்சுட்டுது."

வீரமலை நெற்றியைத் தடவிக்கொண்டான். "அப்ப நான் சும்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாலே போதும்ங்கறீங்க."

"இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. மறுபடி உக்காந்து உங்க குரலை மட்டும் மீட்க முயற்சி பண்ணலாம்."

"பண்ணா பிள்ளை குரல் போகாதுன்னு எழுதித் தருவீங்களா?"

அப்படி எழுதித் தர முடியாது என்றார் டாக்டர். வீரமலை எழுந்துகொண்டான். முதல் விலைக்குத் தம்பி முடித்ததற்கு எவ்வளவு ஆத்திரப்பட்டான். இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய சரக்குக்கு முழு விலை கொடுத்தவன் யார் என்று சந்தைக்குத் தெரிந்தால், ஒரு பயல் அவன் துண்டுக்குள் கை விட மாட்டான்.

இப்போதும் சந்தை முடிந்ததும் புதன்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போகிறான். வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான். எந்த மாடு யாரை முட்டியது, எந்தத் தரகன் எவனிடம் ஏமாந்தான் என்று ஒன்று விடாமல் சொல்வான். தனபால் எதிரே உட்கார்ந்து அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். கோமதி சிரிப்பாள். மகிழினிதான் ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள்.

"பெரியப்பா, அப்பாவுக்குத்தான் நீ பேசறது கேக்காதே?"

"உங்கப்பனுக்கு யாரு சொன்னா? மாடிவீட்டுக்காரருக்குச் சொல்றேன். வாங்கினவரு அவருதானே. வாங்கின சரக்கை வச்சு மாரடிக்கட்டும்."

பிள்ளை கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். தனபால் அவள் சிரிப்பைக் கேட்டுச் சிரித்தான். வீரமலையும் சிரித்தான். ஆனால் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பழகின கை நினைவுக்கு வந்துவிடுகிறது. பேரம் முடித்துவிட்டு அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்வான். துண்டை எடுத்து இருவர் மடிக்கும் நடுவில் போட்டு, கையை உள்ளே விடுவான். நல்ல காளை ஒன்றுக்கு அநியாய விலையாக விரலைப் பிடிப்பான். பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருப்பான்.

இன்றைக்கும் காத்திருந்தான். எதிரே இருந்த கை வியர்த்தது. ஒரு விரல் நடுங்கி, குறைக்கலாமா என்று யோசித்து, பாவம் என்று விட்டுவிட்டு, சொன்ன விலைக்கே இறுகியது.

தம்பிதான்.